வரைபடத்தில் இல்லாதவர்கள்
புவியியலைக் கற்கும் முறைகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

பூமிசாஸ்திரம் என்றும் பின்னர் புவியியல் என்றும் நாம் பாடசாலையில் படித்தது பெரும்பாலும் ஒரு மனனப் பாடம். ஆறுகள், மலைகள், தலைநகரங்கள், மழைவீழ்ச்சி அட்டவணை, ஏற்றுமதிப் பொருட்கள். இலங்கையின் புறவுருவப் படத்தில் மகாவலி கங்கையையும் திருகோணமலைத் துறைமுகத்தையும் சரியான இடத்தில் குறிக்கத் தெரிந்தால் புள்ளி கிடைத்தது. பட்டம் பெற்றபின் நாட்டைவிட்டு வந்தவர்களிடத்திலும் சரி, படிப்பை இடையில் விட்டுவந்த என்போன்றோரிடத்திலும் சரி, இப்பாடம் குறித்து மிஞ்சியிருக்கும் அபிப்பிராயம் ஒன்றேதான்: யாருக்கும் தீங்கு செய்யாத, அரசியல் கலவாத, கொஞ்சம் அலுப்பூட்டுகிற பாடம் அது.

இவ்வபிப்பிராயம் ஆபத்தானது என்று நினைக்கிறேன். புவியியலைக் கற்பதற்குப் பல முறைகள் உள்ளன. அவற்றில் எதைத் தெரிவு செய்வது என்பது ருசி சார்ந்த விடயம் அன்று. ஒவ்வொரு முறையும் நிலத்தில் சிலவற்றைப் பார்க்கக் கற்றுத்தருகிறது. கூடவே சிலரைப் பார்க்காமல் விடவும் கற்றுத்தருகிறது. நிலத்தை இழந்து வந்த நமக்கு இது முக்கியமான கேள்வி. ஏனெனில் நாம் எழுதுகிற ஊர்நினைவுகளும், சுவரில் மாட்டுகிற வரைபடங்களும், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடங்களும் ஏதோவொரு புவியியல் முறையைப் பின்பற்றியே செய்யப்படுகின்றன. எந்த முறையை என்று நாம் கேட்பதில்லை.

பேச்சு அந்தரத்தில் நிற்காதிருக்க ஓர் எளிய பொருளை எடுத்துக்கொள்வோம்: யாழ்ப்பாணத்துக் கிணறு.

பௌதிகப் புவியியல் இக்கிணற்றைப் பற்றிச் சொல்வது தெளிவானது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். வடகீழ்ப் பருவமழை மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். இது உண்மை; எந்தக் கோட்பாட்டாலும் மாற்றமுடியாத உண்மை. இதிலிருந்து மனிதனை நோக்கி அடுத்த அடி வைக்கும்போதுதான் முறைகள் பிரிகின்றன.

முதலாவது முறை சூழல் நிர்ணயவாதம். ஜேர்மனியரான ராட்சலிடமிருந்து கற்ற அமெரிக்கப் பெண் புவியியலாளர் எலன் செம்பிள் 1911இலும், எல்ஸ்வேர்த் ஹன்ரிங்ரன் 1915இலும் வெளியிட்ட நூல்கள் இம்முறையின் புகழ்பெற்ற உதாரணங்கள். நிலமும் காலநிலையும் மனிதனின் குணத்தையும் நாகரிகத்தையும் தீர்மானிக்கின்றன என்பது இதன் சாரம். மிதமான குளிரில் வாழ்பவன் சுறுசுறுப்பானவன், வெப்பவலயத்தவன் சோம்பேறி என்று இது முடிந்தது. காலனித்துவத்துக்கு இதைவிட வசதியான விஞ்ஞானம் தேவையில்லை. ராட்சல் 1901இல் எழுதிய 'வாழ்வெளி' என்ற கருத்தாக்கம் பிற்பாடு நாசிகளின் வாயில் என்னவாயிற்று என்பதும் நாம் அறிந்ததே.

இன்று பல்கலைக்கழகங்களில் யாரும் இதைப் பகிரங்கமாக ஆதரிப்பதில்லை. ஆனால் நம்முடைய வீட்டு விறாந்தைகளில் இது இன்னமும் உயிரோடிருக்கிறது. "யாழ்ப்பாணத்தான் வரண்ட மண்ணில் கிணறு வெட்டித் துலா மிதித்து வாழ்ந்தவன், அதனால்தான் அவன் உழைப்பாளி, சிக்கனக்காரன், படிப்பாளி" என்று எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்? இது செம்பிள் அம்மையார் சொன்னதன் யாழ்ப்பாணப் பதிப்பு. இந்த வாக்கியத்துக்குள் துலா மிதித்தவன் யார், பட்டை பிடித்தவன் யார், தோட்டம் யாருடையது என்ற கேள்விகள் இல்லை. அந்தக் கிணற்றில் அள்ள உரிமையில்லாமல் யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு எட்டநின்றவர்கள் யார் என்ற கேள்வி அறவே இல்லை. சுண்ணாம்புக்கல் எல்லோருக்கும் ஒரே தண்ணீரைத்தான் தந்தது. அதைச் சாதிவாரியாகப் பிரித்தது கல் அன்று. கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. குடாநாட்டின் சமூகப் புவியியலைப் பாடநூல்களைக் காட்டிலும் அவரே கூடுதலாக எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, பிரதேசப் புவியியல். பிரெஞ்சுக்காரரான விடால் டு லா பிளாஷ் இதன் தந்தை. பிரான்சின் பிரதேசங்களைப் பற்றி 1903இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. இயற்கை கட்டளையிடுவதில்லை, சாத்தியங்களை மட்டுமே முன்வைக்கிறது. மனிதர் தலைமுறை தலைமுறையாக அவற்றிலிருந்து தமக்கென ஒரு வாழ்முறையை உருவாக்குகின்றனர் என்பது இவரது நிலைப்பாடு. நிர்ணயவாதத்தைவிட இது பலமடங்கு மனிதத்தன்மை உடையது. மண், வீடு, பயிர், உணவு, சந்தை, பாதை யாவற்றையும் ஒரு முகத்தின் அங்கங்களாகச் சேர்த்துப் பார்க்கும் கண் இம்முறைக்கு உண்டு. அமெரிக்காவில் 1939இல் ஹார்ட்சோர்ன் இத்தகைய பிரதேச ஆய்வையே இத்துறையின் மையமாக வைத்து ஒரு பெருநூல் எழுதினார்.

இதன் குறை அதன் அழகிலேயே இருக்கிறது. முகம் என்று சொன்னபின் அங்கே சண்டை இருக்கமுடியாது. பிரதேசம் இணக்கமான ஒரு முழுமையாகிவிடுகிறது. நிலவுடைமை, கூலி, வன்முறை எல்லாம் பின்தள்ளப்பட்டு விவசாயியின் வீட்டுக் கூரை முன்னுக்கு வருகிறது. யி-ஃபூ துவான் என்ற சீனாவில் பிறந்த அமெரிக்கப் புவியியலாளர் 1974இலும் 1977இலும் எழுதிய நூல்கள் வழியே வளர்ந்த மனிதநேயப் புவியியல், இடத்தின் மேலான பற்று, அனுபவம், நினைவு என்பவற்றை ஆய்வுக்குரிய விடயங்களாக்கியது. அது பெரிய காரியம். எனினும் ஓரிடத்தை நேசிப்பதற்கு அங்கே நிற்கும் உரிமை முதலில் இருக்கவேண்டும் என்பதை அதுவும் போதியளவு கேட்கவில்லை.

இங்கே நமது சஞ்சிகைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. புலம்பெயர்ந்த நாம் எழுதிய ஊர்நினைவுக் கட்டுரைகளில் பெரும்பங்கு, தெரிந்தோ தெரியாமலோ, விடாலின் பிரதேசப் புவியியல்தான். பனங்கூடல், செம்பாட்டு மண், ஆடிக்கூழ், தேர்முட்டி, துலாக்கிணறு. அவை அன்போடு எழுதப்பட்டவை. அவற்றில் இனி எங்கும் கிடைக்காத தகவல்கள் உண்டு. ஆனால் அந்தக் கிணற்றடியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் எழுதியவரின் சொந்தக்காரர்களே நிற்கிறார்கள். மற்றவர்கள் "எங்கட வளவுக்கு வாற ஆக்கள்" என்ற ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். ஊரை இழந்த துயரம் உண்மையானது. அத்துயரம் ஊரை நியாயமான இடமாக மாற்றிவிடாது.

மூன்றாவது முறை, எண்களும் மாதிரிகளும் கொண்ட இடஞ்சார் விஞ்ஞானம். பிரெட் ஷேஃபர் 1953இல் எழுதிய கட்டுரை இதற்கு வழிதிறந்தது. ஷேஃபர் ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற தொழிற்சங்கவாதி. நம்மைப்போல் ஓர் அகதி. கட்டுரை அச்சில் வருமுன்னரே இறந்துபோனார். ஒவ்வொரு பிரதேசமும் தனித்துவமானது என்று வர்ணித்துக்கொண்டிருப்பது விஞ்ஞானமாகாது, பொது விதிகளைத் தேடவேண்டும் என்பது அவர் வாதம். விதி தேடியவர்கள் கண்டெடுத்த பழைய நூல் வால்ரர் கிறிஸ்ராலர் 1933இல் தென் ஜேர்மனியின் மைய இடங்களைப் பற்றி எழுதியது. சிறிய பொருளுக்கு மக்கள் சிறிது தூரம் போவார்கள், அரிய பொருளுக்கு நெடுந்தூரம் போவார்கள். ஆகவே கிராமம், பட்டினம், நகரம் என்பன அறுகோண வலையில் படிநிலையாக அமையும் என்றார் அவர்.

இதை ஏளனம் செய்வது சுலபம். ஆனால் பாரிசின் லா சப்பலைப் பாருங்கள். பாணும் பாலும் வாங்க நம்மவர் வீட்டுக்குக் கீழே இறங்குவார்கள். முருங்கைக்காய்க்கும், தாலிக்கொடிக்கும், கலியாணப் பட்டுக்கும் லா குர்னேவிலிருந்தும் பொபினியிலிருந்தும் லா சப்பலுக்குத்தான் வருவார்கள். வடக்கு, கிழக்கு ரயில் நிலையங்கள் இரண்டும் பக்கத்திலிருப்பதால் அவ்விடம் ஒரு மைய இடமாயிற்று. கிறிஸ்ராலரின் கோட்பாடு இதை நன்றாகவே விளக்குகிறது. அக்கடையில் பெட்டி தூக்குபவனுக்கு என்ன சம்பளம், அவனுடைய பதிவு அட்டை யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை அது விளக்காது. விளக்கவேண்டிய தேவை இருப்பதாகவும் அதற்குத் தெரியாது.

இந்த அறியாமை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு கிறிஸ்ராலரின் வாழ்க்கையே சாட்சி. இரண்டாம் உலகப்போரின்போது ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் ஜேர்மன் குடியேற்றங்களைத் திட்டமிட்ட எஸ்.எஸ். அமைப்பின் அலுவலகத்தில் அவர் வேலை செய்தார். அவருடைய அறுகோணங்கள் அங்கே வரையப்பட்டன. வரைவதற்குச் சமதளமான, வெறுமையான ஒரு வெளி தேவைப்பட்டது. அந்த வெறுமை, அங்கே வாழ்ந்த போலந்து மக்களையும் யூதர்களையும் அகற்றிப் பெறப்பட்டது. தாளில் வெற்றிடமாக விடப்பட்ட இடம் நிலத்திலும் வெற்றிடமாக்கப்பட்டது.

வெற்றிடம் என்ற இச்சொல் நமக்கு அந்நியமானதல்ல. இலங்கைப் புவியியலின் முதல் வகைப்பாடு மழையைக் கொண்டது. ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறுவது உலர்வலயம், 2500க்கு மேல் ஈரவலயம், நடுவே இடைவலயம். இவ்வகைப்பாடு சரியானது. ஆனால் உலர்வலயம் என்ற பெயர் மெல்ல மெல்ல மழையின் பெயராக இல்லாமல் ஒரு பிரச்சினையின் பெயராயிற்று: சனத்தொகை குறைந்தது, காடு மண்டியது, குடியேற்றக்காரருக்காகக் காத்திருப்பது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பி.எச். பாமர் உலர்வலயக் குடியேற்றம் பற்றி 1957இல் வெளியிட்ட ஆய்வு மிகக் கவனமானது. அவர் இனப்பிரச்சினையை அறியாதவருமல்லர். 1963இல் இலங்கையைப் பிளவுண்ட தேசம் என்று தலைப்பிலேயே குறித்து நூலெழுதினார். குறை தனிமனிதருடையதல்ல. ஒரு சதுர மைலுக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் வன்னியின் குளக்கட்டு ஊர்களும், கிழக்கின் முஸ்லிம், தமிழ்க் கிராமங்களும், பழைய சிங்களக் கிராமங்களும், வேடர்களின் காடும் ஒரே 'ஐதான குடிப்பரம்பல்' ஆகிவிடுகின்றன. ஐதானது என்பதிலிருந்து வெறுமையானது என்பதற்குத் தாவ அரசுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. 1956இல் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டனர்.

எண்களின் முறைக்குள்ளிருந்தே அதை மறுத்தவர்களும் வந்தார்கள். சுவீடன் நாட்டவரான ஹேகர்ஸ்ட்ரான்ட் 1970இல் ஒரு கேள்வி கேட்டார்: இந்த மாதிரிகளுக்குள் மனிதர்கள் எங்கே? ஒருவர் ஒரு நாளில் எங்கெல்லாம் போகமுடியும் என்பதை நேரமும் தூரமும் சேர்ந்த ஒரு பட்டகமாக அவர் வரைந்தார். பட்டகத்தைச் சுருக்கும் தடைகளையும் வகைப்படுத்தினார்: உடலினதும் வாகனத்தினதும் இயலுமை, குறித்த நேரத்தில் பிறரோடு சேர்ந்திருக்கவேண்டிய கட்டாயம், அதிகாரத்தின் தடை. பாரிஸ் உணவகங்களில் வேலை செய்யும் நம்மவருக்கு இவ்வரைபடம் உடனே விளங்கும். காலை பத்து மணிக்கு ஏறி மூன்று மணிக்கு இறங்கி, மீண்டும் ஆறு மணிக்கு ஏறவேண்டும். நடுவிலுள்ள மூன்று மணித்தியாலத்தில் புறநகர் வீட்டுக்குப் போய்த் திரும்பமுடியாது. நள்ளிரவு கடந்து கோப்பைகள் கழுவி முடியும்போது கடைசி மெற்றோ போய்விடும். உலகின் பெருநகரொன்றில் வாழ்கிற அவனுடைய உலகம் சமையலறை, பூங்கா வாங்கு, இரவு பஸ் என்பவற்றுக்குள் முடிகிறது. அதிகாரத்தின் தடைக்கு ஜேர்மனி நல்ல உதாரணம். 1982இலிருந்து அங்கே தஞ்சம் கோரியோர் தமக்குக் குறிக்கப்பட்ட மாவட்டத்தைவிட்டு அனுமதியின்றி வெளியேற முடியாதிருந்தது. 2015இல்தான் அச்சட்டம் பெரிதும் தளர்த்தப்பட்டது. பக்கத்து நகரத்திலுள்ள தமையனின் பிள்ளையுடைய பிறந்தநாளுக்குப் போவதும் குற்றமாயிருந்த அந்நாட்களை எந்தப் பிரதேசப் புவியியலும் எழுதவில்லை.

இன்னும் துணிந்தவர் வில்லியம் பங்கி. 1962இல் கோட்பாட்டுப் புவியியல் பற்றி எழுதி எண்முறையின் முன்னணியில் நின்றவர், அதே தசாப்தத்தின் இறுதியில் டெற்றோயிற் நகரத்துக் கறுப்பின மக்களின் குடியிருப்புக்குப் போனார். குவென்டலின் வாறன் என்ற இளம் கறுப்பினப் பெண்ணோடும் அயலவரோடும் சேர்ந்து ஆய்வுப் பயணங்களை ஒழுங்குசெய்தார். அதிலிருந்து வந்த ஒரு வரைபடம், வெள்ளையர்கள் வேலைக்குப் போய்வரும் பாதையில் கறுப்பினப் பிள்ளைகள் வாகனங்களில் அடிபட்ட இடங்களைக் காட்டியது. அவ்வளவுதான்: ஒரு பாதை, சில புள்ளிகள். புள்ளிகளை வைக்கப் பங்கிக்கு முன்னரும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதற்குப் புள்ளி வைப்பது என்பதை அந்தக் குடியிருப்பின் தாய்மார் சொன்னார்கள். பங்கி பின்னர் பல்கலைக்கழகங்களில் இடமின்றிக் கனடாவுக்குப் போய், டொறொன்ரோவில் ராக்சி ஓட்டினார். நம்மவர் பலருக்கு அவ்வாசனத்தின் உயரம் தெரியும்.

இக்காலத்திலேயே டேவிட் ஹார்வி 1973இல் எழுதிய நூலில், நகரத்தில் சேரி ஏன் உண்டாகிறது என்பதை நிலவாடகையையும் மூலதனத்தையும் கொண்டு விளக்கினார். பிரான்சில் இவ் லகோஸ்ற், புவியியல் முதலில் போர்செய்யவே பயன்படுகிறது என்று 1976இல் ஒரு புத்தகத்துக்குத் தலைப்பிட்டார். வெறும் கோபத்தில் சொன்னதல்ல அது. 1972இல் அவர் வட வியட்நாமில் செங்கங்கை அணைக்கட்டுகளில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, அவை தற்செயலாய் விழவில்லை, உடைந்தால் அதிக ஊர்கள் மூழ்கும் இடங்களிலேயே செறிந்துள்ளன என்று காட்டினார். படைத்தலைவர்களின் புவியியல் ஒன்று, பள்ளி ஆசிரியர்களின் புவியியல் இன்னொன்று. அலுப்பூட்டும் இரண்டாவது, கூர்மையான முதலாவதை மறைக்கிறது என்பது அவர் வாதம். நாம் மனனஞ்செய்த பாடம் ஏன் அத்தனை அலுப்பாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை.

ஆனால் வர்க்கத்தை வைத்த இவர்களின் கிணற்றடியிலும் பெண் இல்லை. ஜில்லியன் றோஸ் 1993இல் புவியியலின் ஆண்பார்வையை நேரடியாகக் கேள்விக்குட்படுத்தினார். வீடு, சமையலறை, தண்ணீர், அச்சம் நிறைந்த இருட்டுப் பாதை என்பன புவியியலில்லையா என்று பெண்ணிலைவாதிகள் கேட்டார்கள். டொறீன் மாஸி 1991இல், இலண்டனில் தான் வாழ்ந்த கில்பேர்ன் பகுதித் தெருவை உதாரணங்காட்டி, ஓரிடத்துக்குச் சொந்த அடையாளம் இருக்க எல்லைக்கோடு தேவையில்லை. பல இடங்களுக்குப் போகும் உறவுகள் சந்திக்கும் முடிச்சே இடம் என்றெழுதினார். அத்துடன் எல்லோரும் ஒரேவிதமாக நகர்வதில்லை, சிலர் நகர்கிறார்கள், சிலர் நகர்த்தப்படுகிறார்கள், சிலர் அடைபட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அகதிக்கு இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதலாவது பயன்படாது.

இனி நமது சுவர்களில் தொங்கும் வடகிழக்கு வரைபடத்துக்கு வருவோம். கலண்டரிலும் கழுத்துச் சங்கிலிப் பதக்கத்திலும்கூட அது இருந்திருக்கிறது. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர், 70,000க்கு மேற்பட்டோர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதம் நமது வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை. மாறாததுதான் அவ்வரைபடத்தின் குற்றம். தலைமுறைகளாக அங்கு கிணறு வைத்திருந்தவர்கள் புத்தளத்து முகாம்களில் வாளியோடு நின்றபோதும் அது முழுமையாகவே தோற்றமளித்தது. வலிகாமம் வடக்கில் ஊரூராக உயர்பாதுகாப்பு வலயமாக்கிய அரசின் வரைபடமும் இதே பிழையைச் செய்தது: அதற்கும் மனிதரில்லாத நிலம் போதுமாயிருந்தது. இரண்டையும் சமப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லைக்கோட்டை மட்டுமே வணங்கும் புவியியல் யார் கையில் இருந்தாலும் உள்ளேயிருப்பவர்களை எண்ணாது என்பதற்காகச் சொல்கிறேன். மலையகத் தமிழர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றதால் நம்மில் பலரின் நினைவுக்கே வெளியே நின்றார்கள்.

திணைக் கோட்பாட்டைத் தமிழரின் புவியியல் விஞ்ஞானம் என்று பெருமை பேசுவோர் உண்டு. அது கவிதையியல். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றாலும் அவை மனித ஒழுக்கத்தைப் பிறப்பிப்பதாகத் தொல்காப்பியம் சொல்லவில்லை. பாலைக்கு அது தனி நிலமே ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்ட நிலையே பாலை என்ற விளக்கம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. நிலம் வரலாற்றால் கெடும் என்ற இவ்வுணர்வு நிர்ணயவாதத்தைவிட ஆழமானது. ஆகவே புலம்பெயர் எழுத்தில் பனிநிலத்தை ஆறாந்திணை என்று குறிக்கும் வழக்கம் எனக்கு ஒப்புதலாயில்லை. பனி எல்லோர்மேலும்தான் பெய்கிறது. உணவக முதலாளிமேலும் கோப்பை கழுவுபவன்மேலும் ஒரேயளவாகப் பெய்கிறது. அவர்களைப் பிரிப்பது விசாவும் வாடகையும். நமது திணைக்கு முதற்பொருள் தேடுவதானால் அங்கே தேடவேண்டும்.

பழைய முறைகளைத் தூக்கியெறியச் சொல்வதாக இதைக் கொள்ளவேண்டாம். 2010களில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் எழுந்தபோது, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பூடாக நீர் எப்படிப் பரவுகிறது என்ற பௌதிக அறிவில்லாமல் யாரும் பேசியிருக்கமுடியாது. எத்தனை கிணறுகள் என்ற எண்ணிக்கையும் தேவைப்பட்டது. எந்த ஊர், எந்தப் பயிர் என்ற பிரதேச அறிவும் தேவைப்பட்டது. அவற்றின்மேல், யாரால் கலந்தது, போத்தல் தண்ணீர் வாங்க யாருக்கு வசதி, தூரத்திலிருந்து குடம் சுமந்தது யார் என்ற கேள்விகளும் தேவைப்பட்டன. முறைகள் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை. கடைசிக் கேள்விகள் கேட்கப்படாதபோது முன்னையவை அதிகாரத்தின் கருவிகளாகிவிடும் என்பதே வரலாறு.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊரின் படத்தை வரையச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்லது. கரையோரத்தை வரைந்து முடித்ததும் நிறுத்திவிடாமல் கிணறுகளையும் குறிக்கச் சொல்வோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கத்தில், அதில் அள்ளியவர் யார், அள்ள விடப்படாதவர் யார், எந்த ஆண்டில் யார் அதைவிட்டுப் போகவேண்டி வந்தது என்று எழுதச் சொல்வோம். அதற்கான விபரங்கள் நம்மிடம்தான் இருக்கின்றன. வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கவேண்டும்.